பதினோராயிரத்து நானூறு யென்

அகிஹபாரா நிலையத்தின் ‘மின் நகரம்’ வாசல் வழியாக வெளியே வந்ததும் பல மாடி உயர விளம்பரப் படங்கள்தான் கண்ணை இழுக்கின்றன. ஆனால் அந்தப் பகுதியின் வேர் ரயில் பாதைக்கு அடியில் இருக்கிறது. போர் முடிந்த காலத்தில் கறுப்புச் சந்தையில் ரேடியோ வால்வும் ஒயரும் விற்றவர்கள் பிறகு குடியேறிய இடம் அது. இன்றும் அந்தச் சந்துகளில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் உடம்பைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்விட்ச், ஒயர்ச் சுருள், குட்டி விளக்குகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடை. சென்னை ரிச்சி தெருவில் சாலிடரிங் புகையைச் சுவாசித்து வளர்ந்தவர்கள் இங்கே வழி கேட்க வேண்டியதில்லை.

இருந்தாலும் எனக்கு வழி காட்ட ஒருவன் இருந்தான், நண்பரின் மகன். நண்பர் தூத்துக்குடிக்காரர். இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாயில் பல வருடமாகக் குடியிருக்கிறார். பையன் டோக்கியோவிலேயே பிறந்தவன், ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். வரும்போது ரயிலிலேயே கேட்டுவிட்டான்: “பெரியப்பா, உங்களுக்குப் பழைய கேம் வேணுமா, பழைய விலை வேணுமா?”

பழைய விலைதான் வேண்டும் என்றேன். இந்தப் பயணத்துக்கே அதுதான் காரணம்.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் என்றால் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்களுக்காக 1969இல் பாரிமுனைப் பக்கம் உருவான அந்தக் கடைவரிசையில் டிவி கேம் பெட்டியும் கலர் கலராகக் கேசட்டுகளும் கிடைக்கும். கடைக்காரர் ஒரு விலை சொல்வார், சித்தப்பா அதில் பாதியிலிருந்து பேச்சை ஆரம்பிப்பார், இரண்டுக்கும் நடுவில் எங்கோ முடியும். கேசட்டின் மேல் ஆயிரத்துக்கும் அதிகமான கேம்கள் என்று அச்சிட்டிருக்கும். அதற்குள் மாரியோவும் கான்ட்ராவும் வாத்து சுடுவதும் பெயர் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். அது நகல் என்பதோ, மூலம் கியோட்டோவின் நின்டெண்டோ நிறுவனத்தில் பிறந்தது என்பதோ எங்களில் யாருக்கும் தெரியாது. பெரியவனான பிறகு தெரிந்துகொண்டேன்: எங்கள் பெட்டிக்குள் கேசட் செருகும் இடத்தில் இருந்த அறுபது முனைகளும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியில் இருந்த அதே அறுபது முனைகள்தாம். நாங்கள் நகலை விளையாடிக்கொண்டிருந்தபோது, அசலை விளையாடிய பிள்ளைகள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்? அவ்வளவு காசு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அன்றிலிருந்து இந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது.

சூப்பர் பொட்டேட்டோ என்ற கடை ஒடுக்கமான ஒரு கட்டடத்தின் மேல்மாடிகளில் இருக்கிறது. பழைய கேம் தேடி வரும் வெளிநாட்டவர் எல்லோருக்கும் தெரிந்த இடம். உள்ளே போனால் பழைய கேம்களின் எட்டு பிட் இசை பல பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் கேட்கிறது. கூரைவரை கேசட்டுகள். ஃபேமிகாம் கேசட் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். எங்கள் ஊர்க் கேசட்டுகளின் நிறங்கள் எங்கிருந்து வந்தன என்பது அந்த அலமாரியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

விலை குறைந்த கேசட்டுகளைப் பெட்டி இல்லாமல் தனியாக வைத்திருந்தார்கள். சிலவற்றின் பின்புறம் தடித்த மார்க்கரில் ஏதோ எழுதியிருந்தது. பையன் வாங்கிப் பார்த்து, “இது ஒரு பையனோட பேரு. மூணாங் கிளாஸ், ரெண்டாவது பிரிவுன்னு போட்டிருக்கு” என்றான். கேசட்டை நண்பனுக்கு இரவல் கொடுத்தால் திரும்பி வர வேண்டுமே என்று ஜப்பானியப் பிள்ளைகள் பெயர் எழுதிவைப்பார்கள். பெயர் எழுதிய கேசட்டுக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. ஆனால் அப்படிப்பட்ட கேசட்டுகளை மட்டும் தேடி வாங்கி, எழுதியவர்களைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கும் வேலையை ஒருவர் இங்கே செய்துவருகிறார். அவருடைய வேலையை நான் முழு மனதோடு மதிக்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு கேசட்டுக்குச் சொந்தக்காரனாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விலையைத் தெரிந்துகொண்டால் புரியும்.

1983 ஜூலையில் ஃபேமிகாம் 14,800 யென்னுக்கு வந்தது. நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பத்தாயிரம் யென்னுக்குள் கொண்டுவர விரும்பினார், முடியவில்லை. அப்படியும் அன்றைய போட்டியாளர்கள் பலரைப் பார்க்க அது மலிவுதான். தொடக்கத்தில் கேசட் 3,800 யென். 1985இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்தபோது 4,900. 1988இல் மூன்றாவது டிராகன் குவெஸ்ட் 5,900. இன்றைய மாற்று விலையில் யென் ஏறக்குறைய அறுபது காசு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

பிறகு விலை படியேறத் தொடங்கியது. 1990இல் சூப்பர் ஃபேமிகாம் வந்தது. கதைகள் நீண்டன, படங்கள் விரிந்தன, அவற்றை அடக்கும் நினைவகச் சில்லும் பெருத்தது. கேசட் என்பது அடிப்படையில் ஒரு சில்லுதான். அதன் கொள்ளளவு கூடக் கூடத் தயாரிப்புச் செலவும் கூடும். 1994இல் ஆறாவது ஃபைனல் ஃபேன்டஸி, 1995இல் க்ரோனோ டிரிக்கர், அதே வருடம் டிசம்பரில் ஆறாவது டிராகன் குவெஸ்ட். மூன்றுக்கும் பெட்டியில் அச்சிட்ட விலை 11,400 யென். க்ரோனோ டிரிக்கர் பெட்டியை எடுத்து அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தேன். அமெரிக்காவிலும் அந்த கேம் எண்பது டாலருக்கு விற்றது. சின்ன வயதில் கேம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று பேசுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பெட்டியில் இருக்கும் எண் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. அதற்குப் பிறகு ஜப்பானில் விலைவாசி நெடுங்காலம் அசையாமல் கிடந்ததையும் சேர்த்துப் பார்த்தால், பையனின் அலமாரியில் இருக்கும் இன்றைய கேம்கள் அவற்றைவிட விலை குறைந்தவை.

“அப்ப பிள்ளைங்க எப்படி வாங்கினாங்க?” என்று பையனும் அதே கேள்வியைக் கேட்டான்.

ஒரு வழி, புத்தாண்டுக் காசு. ஜனவரி முதல் நாட்களில் தாத்தா பாட்டி, மாமா அத்தை எல்லோரும் சின்ன உறையில் பணம் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். நமக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கை நீட்டினால் கிடைப்பதைப் போல. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வரும் காசு ஒன்றிரண்டு கேசட்டோடு தீர்ந்துவிடும். மிச்சமுள்ள பதினோரு மாதத்துக்கும் வேறு வழிகள் இருந்தன. அந்த வழிகளைத்தான் நான் தேடி வந்திருந்தேன்.

அவற்றில் முதலாவது, டிஸ்க். 1986இல் நின்டெண்டோ ஃபேமிகாமுக்கு டிஸ்க் இணைப்பு ஒன்றை வெளியிட்டது. பொம்மைக் கடைகளில் ஆளுயர இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். விளையாடி முடித்த மஞ்சள் டிஸ்க்கையும் 500 யென்னையும் கொடுத்தால், பழைய கேமை அழித்துவிட்டுப் புதிய கேமை எழுதிக் கொடுப்பார்கள். எழுதி முடியும்வரை திரையில் ஒரு சின்னப் படம் ஓடும், பிள்ளைகள் கண்ணெடுக்காமல் நிற்பார்கள். ஐயாயிரம் யென் பொருளுக்கு ஏங்கிய கூட்டத்துக்கு ஐந்நூறு யென்னில் கதவு திறந்த இயந்திரம் அது. கேம் வரலாற்றில் இதைவிடக் கனிவான கண்டுபிடிப்பு வேறில்லை என்பேன். கேசட்டுச் சில்லு மலிவாகி டிஸ்க்கைத் தாண்டிப் போனதும் அந்த இயந்திரங்கள் கடைகளிலிருந்து மறைந்தன. ஆனாலும் நின்டெண்டோ தன் அலுவலகத்தில் வைத்து 2003வரை டிஸ்க் எழுதிக் கொடுத்தது.

இன்னொரு வழி, கடை வாசலில் நிற்கும் தள்ளுவண்டிக் கூடை. கேசட் தயாரிக்க மாதக்கணக்கில் ஆகும். எது ஓடும், எது படுக்கும் என்று கடைக்காரர்கள் முன்கூட்டியே ஊகித்துச் சொல்ல வேண்டும். ஊகம் பொய்த்தால் சரக்கு தேங்கும். தேங்கியதைக் கூடையில் கொட்டி ஆயிரம் யென்னுக்கும் கீழே தள்ளிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கூடை புதையல்.

இந்தத் தேக்கத்துக்கு அருவருப்பான முகமும் உண்டு, அது டிராகன் குவெஸ்ட் மோகத்தோடு சேர்ந்து வந்தது. 1988 பிப்ரவரி 10ஆம் தேதி, புதன்கிழமை, மூன்றாவது டிராகன் குவெஸ்ட் வெளியானது. கடைகளின் முன்னால் விடியும் முன்பே வரிசை. பள்ளிக்குப் போகாமல் வரிசையில் நின்ற பிள்ளைகளைப் போலீசார் பிடித்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பும் பையன்களிடமிருந்து கேசட்டைப் பறித்துக்கொண்டு ஓடிய சம்பவங்களும் நடந்தன. அதன் பிறகு நான்காவதும் ஐந்தாவதும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வெளியாயின. நான்காவது வந்த 1990இல் மொத்த வியாபாரி ஒருவர், டிராகன் குவெஸ்ட் ஒன்று வேண்டுமானால் விற்காமல் கிடக்கும் மூன்று கேம்களையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று கடைகளுக்கு நிபந்தனை போட்டார். அந்தச் சுமை சில கடைகள் வழியாக நேராகப் பிள்ளைகளின் தலையில் இறங்கியது. ஜப்பானின் நியாய வணிக ஆணையம் 1992இல் அந்த விற்பனையைச் சட்டவிரோதம் என்றது. பத்து வயதுப் பிள்ளை சேமித்த காசுக்காக ஓர் அரசு ஆணையம் பேசியது எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது வழிதான் பெரிய வழி. விளையாடி முடித்ததை விற்றுவிடுவது. 11,400 யென் கேமை முதல் மாதத்துக்குள் முடித்துப் பழைய கேம் கடையில் கொடுத்தால் கணிசமான பகுதி திரும்பி வரும். அதோடு கொஞ்சம் சேர்த்தால் அடுத்தது. ஒரே கேசட் நான்கைந்து வீடுகளைச் சுற்றி வரும். விலையின் முழுப் பாரத்தையும் எந்தப் பிள்ளையும் தனியாகச் சுமக்கவில்லை. கேம் நிறுவனங்கள் இதை விரும்பவில்லை, பழைய கேம் விற்பனையை எதிர்த்து வழக்குப் போட்டன. 2002 ஏப்ரல் 25ஆம் தேதி ஜப்பான் உச்ச நீதிமன்றம், ஒருமுறை விற்ற கேமை மறுபடி விற்பதை நிறுவனங்கள் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. எங்கள் தெருவில் கேசட்டுகள் வீடு வீடாகச் சுற்றியதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அங்கே கடை நடுவில் நின்று கணக்கு வைத்தது, எங்களுக்குக் கணக்கு வைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

பிளேஸ்டேஷன் வந்த பிறகு விலை இறங்கியது. குறுந்தகடு அச்சிட மிகக் குறைந்த செலவு. விற்றுத் தீர்ந்தால் சில நாளில் மறுபடி அச்சிடலாம், மாதக்கணக்கு ஊகம் தேவையில்லை. ஏழாவது ஃபைனல் ஃபேன்டஸி 1997இல் 6,800 யென்னுக்கு வந்தது. மூன்றே வருடத்தில் ஆறாவதின் விலையில் ஏறக்குறைய அறுபது சதவீதம்.

கடையின் உச்சி மாடியில் நூறு யென் நாணயம் கேட்கும் பழைய ஆர்கேட் இயந்திரங்கள். அருகே குழந்தைகளுக்கான மலிவுத் தின்பண்டங்கள். உமாய்போ என்ற சோளக் குச்சி 1979இல் பத்து யென்னுக்கு வந்து, நாற்பது வருடத்துக்கு மேல் அதே பத்து யென்னில் நின்றது. 2022இல் பன்னிரண்டு யென் ஆனபோது அது தேசியச் செய்தி. 2024இல் பதினைந்து. பையன் ஒரு பிடி அள்ளிக்கொண்டு எனக்கும் இரண்டு கொடுத்தான்.

நின்டெண்டோ அருங்காட்சியகத்தைப் பார்க்கக் கியோட்டோவுக்கு நண்பர் குடும்பத்தோடு ஷின்கான்சென் ரயிலில் போனோம். 1980இல் வந்த கேம் அண்டு வாட்ச் என்ற கையடக்கக் கருவிக்கு விதை விழுந்ததும் இப்படியொரு ரயிலில்தான் என்பார்கள். பொழுதுபோகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்த ஒரு பயணியை நின்டெண்டோவின் குன்பே யோகோய் கவனித்திருக்கிறார். எங்கள் ரயிலிலிருந்து ஃபூஜி மலை தெரிந்த நேரத்தில் பெரியவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தோம். பையன் தன் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் ஒரு கேமின் கடைசிக் கட்டத்தில் இருந்தான்.

கியோட்டோவிலிருந்து கிந்தெட்சு ரயிலில் தெற்கே போனால் ஒகுரா, அருங்காட்சியகம் அங்கேதான். அதே பாதையில் நாரா மாநிலத்துக்குள் போய்க்கொண்டே இருந்தால் கஷிஹாரா வரும். 1992 ஜனவரியில் அங்கே ஒரு பொம்மைக் கடைத் திறப்பு விழாவுக்கு அமெரிக்க அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ் நேரில் வந்தார். அது டாய்ஸ் ஆர் அஸ், ஜப்பானில் அந்த நிறுவனத்தின் இரண்டாவது கடை. ஊர்ச் சிறு கடைகளைக் காப்பதற்காகப் பெரிய கடைகளுக்கு ஜப்பான் விதித்திருந்த கட்டுப்பாடு அப்போது இரு நாட்டு வணிகப் பேச்சில் பெரிய சிக்கல். கட்டுப்பாடு தளர்ந்தது, பெரிய கடைகள் பெருகின. தெருமுனைப் பொம்மைக் கடைகளை நடத்திவந்த முதியவர்கள் ஒவ்வொருவராகக் கதவை இறக்கினார்கள். அந்த அமெரிக்க நிறுவனமும் 2017இல் திவாலாகி, 2018 ஜூனோடு தன் நாட்டுக் கடைகளை மூடிவிட்டது. மூடப்போகும் அறிவிப்பு வந்த சில நாளில் அதன் நிறுவனர் சார்லஸ் லாசரஸ் காலமானார். ஜப்பானில் அந்தப் பெயர்ப் பலகை இன்னும் இருக்கிறது.

ஒகுராவில் நின்டெண்டோ அருங்காட்சியகம் 2024 அக்டோபரில் திறந்தது. 1969இல் கட்டிய தொழிற்சாலை அது. சீட்டுக்கட்டும், நிறுவனம் 1889இல் பிறந்ததற்கே காரணமான ஹனாஃபுடா மலர்ச் சீட்டும் தயாரான இடம். நுழைவுச் சீட்டு பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும். பெரியவர்களுக்கு 3,300 யென், பையனுக்கு 1,100. நண்பரின் மனைவி பல மாதத்துக்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்தார்.

மேல்தளத்தில் இத்தனை வருடச் சரக்கும் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கிறது, படம் எடுக்க அனுமதியில்லை. அதனால் எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். என் வயதுக்காரர்கள் சிவப்பும் வெள்ளையுமான ஃபேமிகாம் முன்னால் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். பக்கத்தில் நின்ற ஜப்பானியர் ஒருவர் தன் மகளுக்கு ஒவ்வொரு பெட்டியாகக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். என்ன சொல்கிறார் என்று பையனிடம் கேட்டேன். “இது எங்கிட்ட இருந்துச்சு, இது பக்கத்து வீட்டுல இருந்துச்சு, இது யார்கிட்டயும் இல்லன்னு சொல்றாரு பெரியப்பா.”

கீழ்த்தளம் விளையாடும் இடம். நுழைவு அட்டையில் ஒவ்வொருவருக்கும் பத்து நாணயங்கள் ஏற்றியிருக்கும். பெரிய திரையில் சுடும் விளையாட்டுக்கு நான்கு, ஆளுயரக் கட்டுப்பாட்டுக் கருவியை இருவர் சேர்ந்து இயக்க இரண்டு, பழைய கேம் ஒன்றைக் கொஞ்ச நேரம் விளையாட ஒன்று. பத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளையாட முடியாது. கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கவும் வழியில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் பத்து, மற்றவர்களுக்கும் பத்து. இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்குப் பொம்மைக் கடையில் கைக்காசோடு நின்ற அனுபவம் இருந்திருக்க வேண்டும். பையன் ஒரு ஓரமாக நின்று விரல்விட்டு எண்ணினான், தன் அம்மாவின் அட்டையில் எவ்வளவு மிச்சம் என்று விசாரித்தான், சுடும் விளையாட்டை ஒதுக்கிவிட்டு நாலு சின்ன விளையாட்டுக்குப் போனான். நான் நான்கு நாணயத்தையும் கொடுத்துச் சுட்டேன், மனம் நிறைந்தது.

கியோட்டோ நிலையத்துக்குத் திரும்பும் வழியில், பழைய புத்தகமும் கேமும் வாங்கி விற்கும் கடைக்குள் பையன் எங்களை இழுத்துப் போனான். ரயிலில் முடித்த கேமை விற்க வேண்டுமாம். பதினெட்டு வயது ஆகாதவர்கள் விற்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பதால், அப்பா கூட இருக்கும் நாளாகப் பார்த்து வைத்திருக்கிறான். ஸ்விட்ச் 2 கருவி 2025இல் வந்தபோது ஜப்பானிய மொழிக்கு மட்டுமான வடிவத்தில் 49,980 யென். அதன் மாரியோ கார்ட் வேர்ல்டு பெட்டியில் வாங்கினால் 9,980, டவுன்லோடு என்றால் 8,980. புத்தாண்டுக் காசுக்கு அவன் போட்டிருக்கும் திட்டம் அதுதான்.

“ஆயிரம் யென் கம்மின்னா டவுன்லோடே வாங்கிடலாமே தம்பி?”

“விக்க முடியாதே பெரியப்பா. கார்டா இருந்தா முடிச்சிட்டு விக்கலாம், கிளாஸ்ல கடன் குடுக்கலாம். டவுன்லோடு எங்கிட்டயே கிடக்கும்.”

இத்தனை ஊர் சுற்றி நான் சேர்த்த கணக்கு மொத்தமும் அவன் பேச்சில் இருந்தது. 11,400 யென் காலத்துப் பிள்ளைகளைத் தாங்கியது கைமாறக்கூடிய அந்தக் கேசட். இன்று ஆயிரம் யென் தள்ளுபடிக்கு அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகள் தரப்பிலிருந்து பார்த்தால் அது நஷ்ட வியாபாரம். பெட்டியும் கார்டும் கடைகளில் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக விரும்புகிறேன்.

கவுன்டரில் இருந்த பெண் கார்டைச் சோதித்து, நண்பரின் அடையாள அட்டையைப் பார்த்து, ஒரு தாளில் தொகையை எழுதிக் காட்டினார். பையன் பார்த்துவிட்டு அப்பாவிடம் தமிழில் சொன்னான்: “நிஷி-கசாய்ல இதைவிட இருநூறு யென் அதிகம் குடுப்பாங்கப்பா.”

“அப்ப அங்கேயே வித்துக்க. வா, ரயிலுக்கு நேரமாச்சு.”

“இருங்கப்பா, இங்க அடுத்தது என்ன விலைன்னு பாத்துட்டு வரேன்” என்று அலமாரிப் பக்கம் போய்விட்டான்.